ஏற்காடு இறக்கத்தில் கியர்தான் முதல் பிரேக்

ஏற்காடு மலையில் பைக்கில் ஏறுவதை நினைத்துப் பயப்படுபவர்கள் அதிகம். பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான். ஏறும்போது ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி தானாகவே வேகம் குறையும். கணக்குத் தப்பினாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். இறங்கும்போது அந்தச் சலுகை இல்லை. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் ஏறிக்கொண்டே இருக்கும், பிரேக்கில் விரல் வைத்த நேரத்தில் அடுத்த கொண்டை ஊசி வளைவு முன்னால் வந்து நிற்கும்.

ஒரு சின்னக் கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம். வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். 125 கிலோ வண்டி, இரண்டு பேர், ஒரு பை என்று மொத்தம் 280 கிலோ வைத்துக்கொண்டால், அந்த எடை கீழே வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ 33 லட்சம் ஜூல் ஆற்றல் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். 11 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. மெதுவாகப் போகும் வண்டியில் காற்று எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மீதி முழுவதும் இரண்டு இடங்களில்தான் இறங்கும்: ஒன்று பிரேக், இன்னொன்று இன்ஜின். குறைந்த கியரில் இறங்கி இன்ஜினுக்கு நீங்கள் பங்கு கொடுக்காவிட்டால், உள்ளங்கை அகலப் பிரேக் பேடும் ஷூவும் அத்தனை சூட்டையும் தாங்க வேண்டும். அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

அதனால்தான் நியூட்ரலில் இறங்கும் பழக்கத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, சத்தமில்லாமல் அடிவாரம் வரை உருட்டிக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரணம் கேட்டால் பெட்ரோல் மிச்சம் என்பார்கள். இன்றைய ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அந்தக் கணக்கும் தப்பு. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை முழுவதும் மூடி இறங்கினால் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் ஐட்லிங்கில் ஓடவிட்டால்தான் பெட்ரோல் செலவாகும். பழைய கார்புரேட்டர் வண்டியில் மிச்சமாகும் பெட்ரோல், ஒரு செட் பிரேக் ஷூவின் விலைக்குக் கூட வராது. சாவியை ஆஃப் செய்தால் ஹெட்லைட், ஹாரன், பிரேக் லைட், ஏபிஎஸ் எல்லாம் சேர்ந்து போய்விடும் என்பது தனி.

எந்த கியரில் இறங்குவது? ஒரு மேட்டை எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் அந்த இறக்கத்தை இறங்குங்கள் என்பது பழைய லாரி டிரைவர்களின் விதி. பைக்குக்கும் அது சரியாகவே பொருந்துகிறது. 100 முதல் 150 சிசி வண்டியில் இருவர் போனால், நேரான இறக்கத்தில் மூன்றாவது, வளைவுக்கு இரண்டாவது. வளைவு மிகச் செங்குத்தாக இருந்து, இரண்டாவதிலும் வண்டி இழுத்துக்கொண்டு ஓடினால் முதல் கியர். இன்ஜின் சத்தம் கொஞ்சம் உறுமலாக இருக்கும், அதில் கெடுதல் எதுவும் இல்லை. கியரைக் குறைப்பது வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, ஒவ்வொன்றாக. நாலாவதில் வேகமாக வந்து ஒரேயடியாக இரண்டாவதில் போட்டு கிளட்சைப் படக்கென்று விட்டால் பின் சக்கரம் பிடித்துக்கொண்டு வழுக்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகு கிளட்சைப் பிடிக்காதீர்கள். கிளட்ச் பிடித்த வண்டியும் நியூட்ரல் வண்டியும் ஒன்றுதான்.

பிரேக்கைப் பிடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பயத்தில் லீவரை லேசாக அழுத்தியபடியே ஒரு கிலோமீட்டர் இறங்குவதுதான் பிரேக்கைக் கொல்லும் வழி. பேடு டிஸ்கை விட்டு விலகவே இல்லையென்றால் சூடு ஆற இடமில்லை. வேகம் 30-லிருந்து 40-ஐத் தொட்டால், இரண்டு பிரேக்கையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்து 25-க்குக் கொண்டுவந்து, முழுவதும் விட்டுவிடுங்கள். மீண்டும் ஏறும், மீண்டும் பிடியுங்கள். நடுவில் கிடைக்கும் காற்றுதான் பிரேக்கின் மருந்து. பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்துவிடும், பின் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. மிதித்தால் லாக் ஆகி வால் ஆடும். முன் பிரேக்தான் நிறுத்தும். ஆனால் வண்டி சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைச் சடாரென்று பிடித்தால் முன் சக்கரம் அடியிலிருந்து போய்விடும். ஆகவே பிரேக் வேலை முழுவதும் வளைவுக்கு முன்னால், நேர் ரோட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

பிரேக் சூடேறிவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? டிரம் பிரேக்கில் கருகிய வாடை வரும், லீவர் கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. டிஸ்க் பிரேக்கில் பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் லீவர் பஞ்சு மாதிரி ஆகி கைப்பிடி வரை வந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் அது 155-க்கு அருகில் இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். சர்வீஸில் ‘டாப்-அப்’ மட்டும் செய்து அனுப்பிவிடுவார்கள், முழுவதும் வடித்து மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். நடு இறக்கத்தில் பிடிமானம் குறைந்தால் லீவரைப் பலமுறை பம்ப் செய்யுங்கள், ஒவ்வொரு கியராக முதல் கியர் வரை இறக்குங்கள், வண்டியைப் பள்ளத்தாக்குப் பக்கம் போகவிடாமல் மலைச்சுவர்ப் பக்கம் ஓரம் கட்டுங்கள். நின்ற பிறகு 20 நிமிடமாவது ஆறவிடுங்கள். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஊற்றுவது கூடாது. டிஸ்க் நெளியும், டிரம் விரிசல் விடும்.

கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு இது இரட்டிப்புச் சிக்கல். அவற்றில் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் இருப்பதால், வேகம் 15, 20 கிலோமீட்டருக்குக் கீழே போனவுடன் இன்ஜின் சக்கரத்திலிருந்து கழன்றுவிடும். அதாவது வளைவுக்காக மெதுவாகும் அதே நேரத்தில், இருந்த கொஞ்சநஞ்ச இன்ஜின் பிடிப்பும் போய்விடும். வண்டி திடீரென்று முன்னால் தள்ளுவது போல இருக்கும். அப்போது ஆக்சிலேட்டரை ஒரு நூல் அளவு கொடுத்து விட்டால் கிளட்ச் மீண்டும் பிடித்துக்கொள்ளும், வண்டி இழுபடுவது கையில் தெரியும். பிரேக்கோடு சேர்த்து இதைச் செய்யப் பழகினால் ஸ்கூட்டரிலும் நிதானமாக இறங்கலாம். இரண்டு பக்கமும் டிரம் பிரேக் உள்ள ஸ்கூட்டரில், கனமான இருவரோடு ஒரே மூச்சில் அடிவாரம் வரை இறங்க வேண்டாம். பாதி வழியில் அகலமான இடம் பார்த்து ஒரு தடவையாவது நிறுத்துங்கள்.

யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய டூ ஸ்ட்ரோக் பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கு உயவு. ஆக்சிலேட்டரை மூடி நெடுநேரம் இன்ஜினைச் சுற்றவிட்டால் ஆயில் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன முறுக்கு கொடுத்து விடுங்கள்.

இனி வளைவு. சேலம் அடிவாரத்திலிருந்து போகும் முக்கியப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், எண் போட்டிருக்கும். 10 மீட்டர் ஆரம் உள்ள வளைவை, காய்ந்த ரோட்டில் டயரின் பிடிமானத்தை முழுக்கச் செலவழிக்காமல் திரும்ப வேண்டுமென்றால் 22 கிலோமீட்டர் வேகம்தான் கணக்கு. ஈரமென்றால் 16. வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் பிடிமானம் நாலு மடங்கு. எனவே 20-க்குள் நுழைவது கோழைத்தனம் இல்லை. கண் வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும், தலை அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். தடுப்புச் சுவரைப் பார்த்தபடி திருப்பினால் வண்டியும் தடுப்புச் சுவருக்கே போகும். வளைவின் உள் விளிம்பை ஒட்டிப் போவதும் வேண்டாம். அங்கேதான் சரிவு அதிகம், மண்ணும் ஜல்லியும் அங்கே ஒதுங்கிக் கிடக்கும்.

பஸ் வந்தால் என்ன செய்வது என்பதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம். நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். உள்பக்கத்தில் ‘இடம் இருக்கிறதே’ என்று முண்டும் பைக்கைப் பின் சக்கரம்தான் எடுத்துக்கொள்ளும். டிரைவருக்கு அந்த இடம் கண்ணாடியிலும் தெரியாது. உள்பக்க லேனில் வரும் பஸ்ஸோ திரும்புவதற்கு முதலில் எதிர்ப்பக்கம் முழுவதும் அகட்டியாக வேண்டும். இரண்டு நிலையிலும் நமக்கு வழி ஒன்றுதான். ஹாரன் கேட்டாலோ, மேலே கீழே பார்க்கும்போது பஸ் கண்ணில் பட்டாலோ, வளைவுக்கு 10, 15 மீட்டர் முன்பே இடது ஓரமாக நின்றுவிடுங்கள். முழுதாகக் கடந்த பிறகு, அதன் பின்னால் இன்னொன்று வருகிறதா என்றும் பார்த்துவிட்டு எடுங்கள். வளைவுக்கு முன்னால் நீங்களும் ஒரு ஹாரன் கொடுங்கள். ரோடு இருவருக்கும் போதாத இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும், சாலை விதியும் அதுதான். காரணம் எளிது: மேட்டில் நின்ற பாரவண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம், பின்னால் உருளவும் செய்யும்.

குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு போய் ஏறும் இன்னொரு பாதையும் இருக்கிறது. முக்கியப் பாதையில் மண்சரிந்தால் போக்குவரத்து அந்தப் பக்கம் திருப்பி விடப்படும். அது குறுகலான ரோடு. வளைவு குறைவு என்பதால் வேகம் தானாக ஏறும், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

ரோட்டின் குணம் ஒரே நாளில் பலமுறை மாறும். காலையில் மர நிழல் விழும் இடங்களில் ஈரம் வெகுநேரம் காயாது. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் நொடியில் கண்ணும் இருட்டும், ரோடும் வழுக்கும். உதிர்ந்த சில்வர் ஓக் இலை ஈரத்தோடு கிடந்தால் அதன் மேல் பிரேக் பிடிக்காமல் கடந்துவிடுங்கள். பல நாள் காய்ந்த பிறகு விழும் முதல் அரை மணி மழைதான் மிக மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதந்து வழவழப்பாகும். டேங்க் நிரம்பிய லாரிகள் வளைவில் டீசலைச் சிந்தும். ஈர ரோட்டில் வானவில் நிறம் மின்னினால் அது டீசல், அந்த இடத்தில் சாய்க்காமல், பிரேக் தொடாமல் போக வேண்டும். கனமழையில் 40 அடிப் பாலம், 60 அடிப் பாலம் பக்கமெல்லாம் மேலிருந்து கல்லும் மண்ணும் இறங்குவது உண்டு. மழைக்கு ஒதுங்குகிறேன் என்று பாறைச் சரிவின் அடியில் நிற்காதீர்கள்.

மூடுபனியில் ஹெட்லைட் டிம்மில் இருக்க வேண்டும். பிரைட் போட்டால் வெளிச்சம் பனித்துளியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும், முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுவது வேண்டாம், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குப் புரியாது. 15 மீட்டர் தூரம்தான் தெரிகிறதென்றால் 20 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஈர ரோட்டில் 20-ல் நிற்கவே, யோசிக்கும் ஒரு விநாடியையும் சேர்த்து, 11 மீட்டர் ஆகும். 30-ல் போனால் 20 மீட்டர், அதாவது பார்த்த பிறகு முட்டிவிட்டுத்தான் நிற்கும். ஹெல்மெட் வைசர் உள்ளே ஆவி படிந்தால் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். கறுப்பு வைசர் இந்த மலைக்கு ஆகவே ஆகாது.

குரங்குகளுக்குத் தீனி போடுவதற்காகக் கார்கள் வளைவிலேயே நிற்கும். குரங்கு கண்ணில் பட்டால் முன்னால் போகும் கார் எந்த நொடியும் நிற்கும் என்று எண்ணி இடைவெளி விடுங்கள். மாலை மங்கிய பிறகு காட்டெருமையும் ரோட்டுக்கு வரலாம். ஹாரன் அடித்துத் துரத்தாமல், தள்ளி நின்று, அது போன பிறகு போங்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய சோதனைகளைச் சேலத்திலேயே முடித்துவிடுங்கள். அடிவாரத்துக்கு வந்து பார்த்துப் பயனில்லை. டயர் காற்றை வண்டி சூடாகும் முன் பார்க்க வேண்டும். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒருவருக்கும் இருவருக்கும் தனித்தனி அளவு இருக்கும், இருவர் போகும்போது பின் டயருக்கு இருவர் அளவுதான். டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் சின்னத் திட்டு மேல் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று பொருள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கோடு தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்ட பழைய டயர் ஈரத்தில் பிடிக்காது. டிரம் பிரேக் தட்டில் ஒரு அம்புக்குறி இருக்கும், பிரேக்கை முழுக்க அழுத்தும்போது அது குறியைத் தாண்டினால் ஷூ மாற்ற வேண்டும். செயின் நடுவில் மேலும் கீழும் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆடலாம். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடும் ஒவ்வொரு முறையும் வண்டி உதறும், செயின் கழலவும் கூடும்.

பின்னால் உட்காருபவர் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது மலைக்கு அவசியம். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் எடை எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும். இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் வண்டி நடந்துகொள்ளும். பிரேக் பிடித்தவுடன் முன்னால் வந்து மோதும் உடல், ஓட்டுபவரின் கையை ஹேண்டில்பாரில் அழுத்தும், அந்தக் கையால் திருப்ப முடியாது. பின்னால் இருக்கும் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். துப்பட்டாவையும் முந்தானையையும் இடுப்பில் இறுக்கிச் செருகிய பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். 9 மாதத்திலிருந்து 4 வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது 2023 பிப்ரவரியிலிருந்து விதி. பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைத்து மலையேறுவது பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, செய்யாதீர்கள்.

ஹெல்மெட் முழு முகம் மூடுவதாக, ஐஎஸ் 4151 எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக இருக்கட்டும். மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர வேண்டும், ஹெல்மெட் மட்டும் தனியே ஆடினால் அளவு பெரிது. பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் கூடாது. பட்டை போடாத ஹெல்மெட் விழுந்த முதல் நொடியில் பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, மேலே கீறல்தான் என்றாலும், தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கத்தான் செய்யப்பட்டது.

வழியில் படம் எடுக்க நிறுத்துபவர்கள் வண்டியின் முகத்தை மேட்டுப் பக்கம் வைத்து, இன்ஜினை ஆஃப் செய்து, முதல் கியரில் போட்டுச் சைடு ஸ்டாண்டு போடுங்கள். முகம் இறக்கத்தைப் பார்த்து நின்றால் வண்டி முன்னால் நழுவி ஸ்டாண்டு தானாக மடங்கிவிடும்.

யாராவது விழுந்து கிடந்தால், முதலில் வளைவுக்கு மேலும் கீழும் ஆளை நிறுத்தி வருகிற வண்டிகளை மெதுவாக்குங்கள். இரண்டாவது மோதல்தான் பல நேரம் உயிரை எடுக்கிறது. 108-க்கு அழைக்கும்போது ‘ஏற்காடு ரோட்டில்’ என்று சொன்னால் போதாது. எத்தனையாவது வளைவுக்கும் எத்தனையாவது வளைவுக்கும் நடுவில் என்று எண்ணோடு சொல்லுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் இறங்குகிற வண்டியிடம் அடிவாரம் செக்போஸ்ட்டில் சொல்லச் சொல்லுங்கள். மூச்சு விடச் சிரமப்படாதவரை அடிபட்டவரின் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்தெலும்பில் அடிபட்டிருந்தால் அசைப்பதே கேடு. ரத்தம் கொட்டும் இடத்தில் மடித்த துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்தால் போதும். உதவுபவர் மேல் வழக்கு வருமோ என்ற பயத்துக்கு இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்ல எண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரை வற்புறுத்தக் கூடாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை உச்சவரம்புக்கு உட்பட்டு அரசே ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தும். பணத்துக்கு யாரை அழைப்பது என்று யோசித்துக்கொண்டு ஆம்புலன்ஸைத் தாமதிக்க வேண்டாம்.